திரும்பிப் போகிறவர்களும் நாமும்

1

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மேற்கு லண்டனில் ஒரு பழைய மாடிவீட்டின் மேற்தட்டு அறையில் நாம் நான்கு பேர் வசித்தோம். கீழ்த்தட்டில் மூன்று மலாய் மாணவர்கள். குளியலறையும் குசினியும் இரு பகுதியினருக்கும் பொது. அவர்கள் மலேசிய அரசாங்கத்தின் புலமைப்பரிசிலில் பொறியியல் படிக்க வந்தவர்கள். எம்மில் இருவருக்குப் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. ஒருவர் உணவு விடுதியில் கோப்பை கழுவினார். மற்றவருக்கு வேலை செய்யும் அனுமதியே இன்னும் வந்திருக்கவில்லை. வேறு வேறு நேரங்களில் எழும்பி வேறு வேறு நேரங்களில் படுக்கும் ஏழு பேரை அந்தக் குசினிதான் ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்து வைத்தது.

அவர்களுடைய சம்பாலும் எங்களுடைய சம்பலும் ஒரே சொல் என்பதை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்தோம். அவர்கள் கூனி இறால் சாந்தை வாட்டுகிற நாளிலும் நாம் கருவாடு பொரிக்கிற நாளிலும் வீட்டுக்காரர் ஒரே எச்சரிக்கைத் துண்டைத்தான் கதவில் ஒட்டினார். பிறகு வேறு சொற்களும் அகப்பட்டன. மலாய் மொழியில் கப்பலுக்குக் 'கப்பால்', கடைக்குக் 'கெடாய்', கட்டிலுக்குக் 'காத்தில்'. மூன்றும் தமிழிலிருந்து அங்கு போனவை. ஊர்விட்டு ஊர் போகிறவனுக்கு இந்த மூன்றும் போதும்தானே என்று எம்மில் ஒருவர் சொன்னார். அவர்கள் எம்மை 'அபாங்' என்று அழைத்தார்கள். அண்ணன் என்று பொருள். நாம் அவர்களைத் 'தம்பி' என்றோம்.

குசினிச் சுவரில் அவர்கள் ஒரு நாட்காட்டி மாட்டியிருந்தார்கள். கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தவர் அதில் யூன் மாதத்துத் திகதியொன்றைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார். அது அவர் வீடு திரும்பும் நாள். எமது அறையில் நாட்காட்டி இருக்கவில்லை.

நாமும் எம்மைத் தற்காலிகமானவர்கள் என்றே நினைத்திருந்தோம். 'பிரச்சினை முடியட்டும், போயிடலாம்' என்பது எமது அன்றாடப் பேச்சு. அதனால் கட்டில் வாங்கவில்லை. மெத்தையை நிலத்தில் போட்டோம். உடுப்புகள் சூட்கேசுக்குள்ளேயே கிடந்தன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு தட்டுகளிலும் ஒரே வாழ்க்கை நடப்பதாகத்தான் தோன்றியிருக்கும்: சோறு, தாய்மொழிப் பேச்சு, ஊர்க்கடிதம், சொந்த இனத்து நண்பர்கள். ஆனால் அவர்கள் அமைதியாக இருந்தார்கள். நாம் அப்படி இருக்கவில்லை. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைப் பல வருடங்கள் கழித்தே எம்மால் ஒழுங்காகக் கேட்க முடிந்தது. இக்கட்டுரை அந்தக் கேள்வியைத் தொடர்ந்து போகும் ஒரு முயற்சி.

2

அகதிகளுக்கு ஆலோசனை வழங்கும் ஒரு நிலையத்தில் எமக்கொரு துண்டுப்பிரசுரம் தந்தார்கள். 'கலாசார அதிர்ச்சி' என்பது அதன் தலைப்பு. கீழே ஒரு கோடு வரையப்பட்டிருந்தது. ஆங்கில 'யூ' எழுத்தின் வடிவம். புதிய நாட்டுக்கு வந்தவர் முதலில் மகிழ்ச்சியாக இருப்பார்; பின்னர் சோர்ந்து கீழே இறங்குவார்; காலம் போகப்போக இசைவடைந்து மேலே ஏறுவார். நாம் அந்தக் கோட்டில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று ஒரு புள்ளி வைக்கச் சொன்னார்கள். எம்மில் ஒருவர் பேனையை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். எமக்கு முதலில் மகிழ்ச்சியாக இருந்த கட்டம் எது என்பதே அவருடைய சிக்கல்.

இந்தக் கோட்டின் பூர்வீகத்தைப் பின்னர் தேடிப் பார்த்தோம். 1955இல் நோர்வேயைச் சேர்ந்த ஸ்வெர்ரே லிஸ்கார்ட் என்ற சமூகவியலாளர் எழுதிய கட்டுரையிலிருந்து இது வருகிறது. அவர் விசாரித்தவர்கள் ஃபுல்பிரைற் உதவித்தொகையில் அமெரிக்கா போய் வந்த 200 நோர்வேக்காரர்கள். போய் வந்தவர்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். அவர்கள் எல்லோரும் வீடு திரும்பியபின், சொந்த நாட்டில், சொந்த மொழியில் தமது அனுபவத்தைச் சொன்னவர்கள். 'கலாசார அதிர்ச்சி' என்ற சொல்லைப் பிரபலப்படுத்திய மானிடவியலாளர் காலெர்வோ ஓபெர்க்கின் கட்டுரை 1960இல் வெளிவந்தது. அதன் மூலம் 1954இல் றியோ டி ஜெனெய்ரோவில் ஒரு மகளிர் கழகத்தில் அவர் ஆற்றிய உரை. கேட்டிருந்தவர்கள் பிரேசிலில் சில காலம் தங்க வந்த வெளிநாட்டுக் குடும்பத்தினர். 1963இல் கலஹோர்ன் தம்பதியர் இந்த 'யூ'வை இரட்டிப்பாக்கி 'டபிள்யூ' வடிவம் ஆக்கினார்கள். வீடு திரும்பியபின் இரண்டாவது முறையும் சோர்வு வரும், பின்னர் அதுவும் நீங்கும் என்பது அவர்கள் வாதம்.

இவை பொய் என்று நாம் சொல்லவில்லை. கீழ்த்தட்டுத் தம்பிமாருக்கு இவை ஓரளவு பொருந்தவே செய்தன. முதல் மார்கழியில் அவர்களில் ஒருவர் நாலு மணிக்கே இருட்டுகிற ஊரைத் தாங்கமாட்டாமல் படுத்தே கிடந்தார். அடுத்த வருடம் அதே மாதத்தில் பனியில் கால்பந்து விளையாடினார். எமது ஆட்சேபம் வேறு. இந்தக் கோடுகளின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு திரும்பும் ரிக்கற் ஒளிந்திருக்கிறது. அந்த ரிக்கற் உள்ளவர்களை வைத்து வரைந்த கோட்டை, அது இல்லாதவர்களின் மனநிலையை அளக்கும் கோலாக நீட்டுகிறார்கள். கோட்டில் பொருந்தாதபோது குறை எம்மிடம் இருப்பதாகிவிடுகிறது.

ஏட்ரியன் பர்ன்ஹாமும் ஸ்ரீபன் பொக்னரும் 1986இல் வெளியிட்ட நூல் இவ்விடயத்தில் ஒரு படி முன்னேறியது. அந்நிய நாட்டில் தடுமாறுவதை நோயாகப் பார்க்காமல், அந்தச் சமூகத்தின் பழக்கங்களை இன்னும் கற்றுக்கொள்ளாத நிலையாகப் பார்த்தார்கள். வெளிநாட்டு மாணவனுக்கு மூன்று நட்பு வட்டங்கள் உண்டு என்றும் பொக்னர் காட்டினார்: சொந்த நாட்டவர் முதல் வட்டம், படிப்பு, அலுவல் சம்பந்தமான உதவிக்கு அந்நாட்டவர், பொழுதுபோக்குக்குப் பிற வெளிநாட்டவர். மலாய் மாணவர் தம் இனத்தவரோடேயே இருக்கிறார்கள், வகுப்பில் வாய் திறப்பதில்லை என்று குறைப்பட்ட ஆங்கில ஆசிரியர்கள் இதை வாசித்திருக்கலாம். 'செகான்' என்று மலாயில் ஒரு சொல். மூத்தவர் முன், அதிகம் அறிந்தவர் முன் வரும் கூச்சமும் மரியாதையும் கலந்த தயக்கம். அந்தத் தம்பி வகுப்பில் மௌனமாயிருந்தது தெரியாமையால் அல்ல; ஆசிரியரை மதித்ததால். எமது ஊர் வகுப்பறைகளில் படித்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

3

மலாயர் தற்காலிக வாழ்வைச் சமாளித்த விதத்தில் தனிமனித மனத்திடம் சிறு பங்குதான். பெரும் பங்கு அவர்களுக்குப் பின்னால் நின்ற ஏற்பாடுகளினுடையது.

முதலாவது, மொழி. 'மெரந்தாவ்' என்ற சொல் அவர்களிடம் உண்டு. மேற்குச் சுமாத்திராவின் மினாங்கபாவ் மக்களிடையே இளைஞர்கள் அனுபவமும் பிழைப்பும் தேடி ஊர்விட்டுப் போவதைக் குறிக்கும் சொல் அது. அவர்களின் வழிவந்தோர் குடியேறிய நெகிரி செம்பிலானிலும் அந்த வழக்கம் உண்டு. போனவன் ஒருநாள் ஏதாவது கொண்டு திரும்புவான் என்ற எதிர்பார்ப்பு அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. எமது 'புலம்பெயர்தல்' என்ற சொல்லில் போகும் திசை மட்டும்தான் தெரிகிறது. இன்னொரு சொல் 'தும்பாங்': பிறர் வீட்டில் ஒதுங்கித் தங்குவது, பிறர் வாகனத்தில் தொற்றிக்கொண்டு போவது. 'நாங்கள் இங்கே தும்பாங் இருக்கிறோம்' என்று அந்தத் தம்பிமார் சொல்லும்போது அதில் தாழ்வுணர்ச்சி இல்லை. ஒதுங்கியவன் அடக்கமாக இருப்பான், மழை விட்டதும் போய்விடுவான்.

இரண்டாவது, இடம். ஒரு சனிக்கிழமை எம்மை அவர்கள் மார்பிள் ஆர்ச்சுக்குப் பின்னால் உள்ள பிரையன்ஸ்டன் சதுக்கத்துக்குக் கூட்டிப்போனார்கள். முன்னாளில் 'மலாயா ஹோல்' ஆகவும் பின்னர் 'மலேசியா ஹோல்' ஆகவும் இருந்த மாணவர் இல்லம் அப்போது அங்கே இருந்தது. பிற்காலத்தில் அது பேய்ஸ்வோட்டருக்கு மாறியது. மலிவு விலையில் தேங்காய்ப்பால் சோறும் நெத்தலியும். தொழுகைக்கு இடம். சுவரில் அறிவித்தல்கள். லண்டனின் நடுவில் ஒரு நாடு தன் பிள்ளைகளுக்காகக் கதவு திறந்து வைத்திருப்பதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டோம். சாப்பாடு நன்றாயிருந்தது. திரும்பும் வழியில் நாம் யாரும் அதிகம் பேசவில்லை.

அந்த இல்லத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1920களில் கேம்பிரிட்ஜில் படித்த துங்கு அப்துல் ரகுமான், பிரித்தானியாவிலிருந்த மலாய் மாணவர்களுக்கான சங்கத்தை உருவாக்குவதில் முன்னின்றவர். 1947 முதல் 1951 வரை மலாய் இலக்கண அறிஞர் ஸாபா லண்டனில் கீழைத்தேய, ஆபிரிக்கக் கல்விக்கான கல்லூரியில் மலாய் கற்பித்தார். 1949இல் கோ கெங் சுவீ, அப்துல் ரசாக், மோரிஸ் பேக்கர் முதலியோர் 'மலாயன் போரம்' என்ற அமைப்பைத் தொடங்கினர். 1950 ஜனவரியில் மலாயா ஹோலில் இந்த அமைப்பினர் முன் லீ குவான் யூ பேசினார். நாடு திரும்பும் மாணவனே அந்தப் பேச்சின் தலைப்பும் பொருளும். மலாயரும் சீனரும் பிறரும் ஒன்றாயிருந்த கூட்டம் அது. திரும்புவோமா என்ற ஐயம் அவர்களுக்கு இருக்கவில்லை. திரும்பியபின் யார் ஆளுவது, எப்படி ஆளுவது என்பதே அவர்களின் விவாதம். ரசாக் 1970இல் மலேசியாவின் இரண்டாவது பிரதமரானார். 1971இல் அவருடைய அரசாங்கம் கொண்டுவந்த புதிய பொருளாதாரக் கொள்கையின் கீழ் ஆயிரக்கணக்கான மலாய் மாணவர்கள் அரசு செலவில் பிரித்தானியாவுக்கும் பிற நாடுகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். கீழ்த்தட்டுத் தம்பிமாரும் அந்த வரிசையில் வந்தவர்களே.

மூன்றாவது, பின்னால் நிற்கும் அரசு. 1980-81 கல்வியாண்டிலிருந்து பிரித்தானியா வெளிநாட்டு மாணவரிடம் முழுக்கட்டணம் அறவிடத் தொடங்கியது. மிகவும் பாதிக்கப்பட்ட நாடுகளில் மலேசியா ஒன்று. 1981இல் பிரதமர் மகாதீர் அறிவித்த 'பிரித்தானியப் பொருளைக் கடைசியாக வாங்கு' என்ற கொள்கைக்கு இந்தக் கட்டண உயர்வும் ஒரு காரணம். 1983இல்தான் அது கைவிடப்பட்டது. ஒரு மாணவனின் கட்டணக் கணக்கு இரண்டு அரசாங்கங்களுக்கிடையிலான விவகாரமாயிற்று.

1987 பெப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில் நாடுகடத்தப்படவிருந்த தமிழர்கள் தமது உடைகளைக் களைந்து உள்ளாடையுடன் ஓடுபாதையருகே நின்றதை நாம் மறந்திருக்கமாட்டோம். அவர்களுக்காகப் பேச ஒரு தூதரகமும் வரவில்லை. எந்த அரசாங்கத்திடமிருந்து தப்பி வந்தார்களோ அதனுடையதுதான் தூதரகம்.

மலாயரிடம் ஒரு பழமொழி இருக்கிறது: பிறர் நாட்டில் பொன்மழை பெய்தாலும் தன் நாட்டில் கல்மழை பெய்தாலும் தன் நாடே நன்று. தம்பிமாரில் ஒருவர் இதை எமக்குச் சொல்லிப் பொருளும் விளக்கினார். எம்மூரில் பெய்வது ஷெல்மழை என்று நாம் சொன்னோம். அவர் சிரிக்கத் தொடங்கி, எமது முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

4

இதுவரை எழுதியதை மட்டும் வாசிப்பவர், மலாயருக்கு எல்லாம் சுகமாகவே முடிந்தது என்று எண்ணக்கூடும். தற்காலிக வாழ்வுக்கு அவர்களும் விலை கொடுத்தார்கள்.

நவீன தொழில்நுட்பம் கற்றுவர அரசு அனுப்பிய மாணவர்களில் ஒரு பகுதியினர் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பிரித்தானியாவிலேயே புதியதொரு, இறுக்கமான இஸ்லாமியப் பற்றுடன் நாடு திரும்பினர். ஸைனா அன்வார் 1987இல் வெளியிட்ட நூல் இந்த மாணவர் இயக்கங்களை விரிவாக ஆராய்கிறது. கிராமத்தில் பிறந்து குளிர்நாட்டில் தனித்துப்போன இளைஞனுக்கு ஹலால் இறைச்சிக் கடையும் வெள்ளிக்கிழமைத் தொழுகையும் படிப்பு வட்டமும் ஒரு வீடாயின. அந்த வீடு அவன் விட்டு வந்த கிராமத்தைப் போன்றதல்ல. தாயின் திருமணப் பாட்டுகளையும் தகப்பனின் நிழற்கூத்தையும் அது ஏற்கவில்லை. 'கலாசாரத்தைக் காப்பாற்றினோம்' என்று திரும்பியவர்களைப் பார்த்துச் சொந்தக் குடும்பத்தினரே திகைத்தார்கள்.

எமக்கும் இதே கதை உண்டு. 1975இல் ஈரோஸ் இயக்கம் லண்டனில்தான் உருவானது. மாணவராகவும் தொழிலாளராகவும் வந்தவர்களின் அறைகளில் ஊரைப் பற்றிய ஒரு புதிய கனவு எழுதப்பட்டது. தூரத்திலிருந்து பார்க்கும்போது ஊரின் ஒழுங்கைகளும் வேலிகளும் மறைந்து வரைபடம் மட்டுமே தெரிகிறது. தற்காலிகமாக வந்தவர்கள் ஊரைப் பெட்டிக்குள் பூட்டிக் காப்பாற்றுகிறார்கள் என்பது பாதி உண்மை. பெட்டியைத் திறக்கும்போது உள்ளே இருப்பது வேறோர் ஊர் என்பது மறுபாதி.

மாணவரல்லாத மலாயரும் இந்நாட்டில் இருந்தார்கள். லிவர்பூல் துறைமுகத்தில் கப்பல் வேலைக்கு வந்து, அடுத்த கப்பல் வரும்வரை என்று தங்கி, மணம் முடித்து, அங்கேயே முதுமை அடைந்த மலாய் மாலுமிகள். 1963இலிருந்து ஜெர்மின் வீதியில் அவர்களுக்கு ஒரு சங்க வீடு இருந்தது. ரிம் பனெல் 2016இல் வெளியிட்ட நூல் அவர்களின் வாழ்வைச் சொல்கிறது. நாற்பது வருடத் தற்காலிகம். இவர்களுக்குச் சதுக்கத்தில் மாளிகை இல்லை, நாட்காட்டியில் வட்டமும் இல்லை. எமக்கு உண்மையில் உறவினர் இந்த மாலுமிகளே. ஆனால் நாம் எம்மை மாணவர்களோடுதான் ஒப்பிட்டுப் பார்த்தோம். மாலுமிகளைப் பற்றி அப்போது கேள்விப்பட்டிருக்கக்கூட இல்லை.

இனி, அந்தக் குசினியில் நடந்த ஒரு பேச்சைச் சொல்லியாகவேண்டும். மலேசியாவில் சீனரையும் தமிழரையும் 'பெண்டாதாங்' என்று சிலர் ஏசுவதுண்டு. வந்தேறிகள் என்று பொருள். 'இங்கே நீங்கள் தும்பாங். அங்கே மூன்று தலைமுறையாய் இறப்பர் வெட்டுகிற தமிழன் இன்னும் பெண்டாதாங்கா?' என்று எம்மில் ஒருவர் சற்றுச் சூடாகவே கேட்டார். கடைசி வருட மாணவர் பதில் சொல்லத் தாமதித்தார். தன் கிராமத்துக்குப் பக்கத்திலேயே தோட்டம் இருந்தது, ஆனால் ஒருநாளும் லயத்துக்குள் போனதில்லை என்று ஒப்புக்கொண்டார். பிறகு மிகவும் பணிவாக, 'அபாங், உங்கள் யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்கள் இருக்கிறார்களா?' என்று கேட்டார்.

1990 ஒக்ரோபர் முடிந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. வடக்கிலிருந்த முஸ்லிம்கள் அனைவரையும் மிகக் குறுகிய அவகாசத்தில் விடுதலைப் புலிகள் வெளியேற்றியிருந்தார்கள். நாம் நால்வரும் அதை அறிந்திருந்தோம். நால்வருக்கும் பக்கத்து வாங்கில் இருந்து படித்த, கடையில் கடன் தந்த, பெயர் சொல்லக்கூடிய முஸ்லிம்கள் இருந்தார்கள். 'இருந்தார்கள்' என்று எம்மில் ஒருவர் சொன்னார். அந்த இறந்தகாலத்தின் பொருள் மலாய் மாணவருக்கு விளங்கியதா தெரியாது. எமக்கு விளங்கியது.

5

எமது சமூகத்துக்குத் தற்காலிக வாழ்வு புதிதல்ல. எமது பாட்டன்மார் போன நாடே மலாயாதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மிசன் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்து இளைஞர்கள் மலாய் மாநிலங்களின் ரயில்வேயிலும் நில அளவையிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞராகச் சேர்ந்தார்கள். மணிஓடர் ஊருக்கு வந்தது. கல்வீடுகள் எழும்பின, சீதனம் உயர்ந்தது. ஓய்வுபெற்றுத் திரும்பியவர் 'மலாயன் பென்சனியர்' என்ற பட்டத்தோடு சாய்மனைக் கதிரையில் இருந்தார். நாட்காட்டியில் வட்டம் போட்ட வாழ்க்கை எமக்கும் ஒருகாலம் இருந்தது. 1942இல் யப்பானியர் மலாயாவைப் பிடித்தபோது மணிஓடர் நின்றது. ஊரில் எத்தனையோ வீடுகளில் அடுப்பும் தணிந்தது.

அந்தப் பாட்டன்மார் எப்படிச் சமாளித்தார்கள்? கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் கந்தசுவாமி கோயில் கட்டினார்கள். சங்கங்கள் வைத்தார்கள். பெண் எடுக்க ஊருக்கு வந்தார்கள். ஆனால் அதே மண்ணில் இறப்பர் தோட்டத்தில் வேலை செய்த தமிழ்நாட்டுத் தொழிலாளியைத் தம்மவர் என்று கொள்ள அவர்களில் பெரும்பாலோர் ஆயத்தமாயிருக்கவில்லை. சாதியும் கந்தோர்ப் பதவியும் குறுக்கே நின்றன. 'நாங்கள் இங்கே கொஞ்சக் காலம்தானே' என்பது வசதியான பதிலாயிற்று. லயத்துக்குள் போகாத மலாய் மாணவரை நாம் கேள்வி கேட்டோம். எமது பாட்டன்மாரும் லயத்துக்குள் போனதில்லை.

தற்காலிகம் என்ற எண்ணம் குளிரைத் தாங்க உதவுகிறது, அவமதிப்பைத் தாங்க உதவுகிறது. கூடவே பக்கத்தில் இருப்பவனைப் பாராமல் இருக்கவும் அது உதவுகிறது. மலாய் மாணவர், யாழ்ப்பாணத்து எழுதுவினைஞர், லண்டன் அகதி மூவரிடத்தும் இது உண்டு. மாணவருக்கும் எழுதுவினைஞருக்கும் திரும்பும் நாள் இருந்தது. ஊரில் ஓர் இடம் அவர்களுக்காகக் காத்திருந்தது. எமக்கு அந்த நாள் இல்லாமலே அந்தப் பழக்கம் மட்டும் இருந்தது.

எமது தற்காலிகத்தை நாமாகத் தேர்ந்துகொள்ளவுமில்லை. 1985 மே மாதத்தில் பொதுநலவாய நாடுகளுள் முதன்முதலாக இலங்கையருக்கே பிரித்தானியா விசாக் கட்டுப்பாடு விதித்தது. வந்துசேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு அகதி அந்தஸ்துக்குப் பதிலாக விதிவிலக்கான தங்கும் அனுமதி என்ற ஒன்றே கிடைத்தது. தவணை முறையில் அதைப் புதுப்பிக்கவேண்டும். நான்கு வருடம் கழியும்வரை மனைவி பிள்ளைகளைக் கூப்பிட முடியாது. நிரந்தர அனுமதிக்கு ஏழு வருடம். 2003இல் அந்த முறை நீக்கப்பட்டு வேறு பெயர்களில் வேறு முறைகள் வந்தன. பிள்ளை பிறந்து நடக்கத் தொடங்கும் பருவத்தில் தகப்பனை அதற்குத் தொலைபேசியில்தான் தெரியும். இதைக் 'கலாசார அதிர்ச்சி' என்று எழுதுவது நேர்மையல்ல. கலாசாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

6

எமது இலக்கியம் இதில் என்ன செய்தது?

எழுதியவர்கள் நிறையப் பேர். தமிழர் நலன்புரி சங்கம் (நியூஹாம்) சார்பில் இ. பத்மநாப ஐயர் தொகுத்த 'கிழக்கும் மேற்கும்' 1997இலும், 'இன்னுமொரு காலடி' 1998இலும், 'யுகம் மாறும்' 1999இலும் வந்தன. இரவு வேலைக்கும் வார இறுதி வேலைக்கும் இடையில் இவ்வளவு நடந்தது பெரிய காரியம். எனினும் அக்காலத்துப் புலம்பெயர் கதைகளையும் கவிதைகளையும் இன்று மொத்தமாக நினைத்துப் பார்க்கையில் ஒரு குறை உறுத்துகிறது. பனி விழுகிறது, கோப்பை கழுவுகிறோம், வேப்பமரம் நினைவுக்கு வருகிறது, அம்மாவின் கடிதம் வருகிறது. வெள்ளைக்காரர் பெரும்பாலும் ஒரு கவுண்டருக்குப் பின்னால் ஒலிக்கும் குரல். பக்கத்து அறைச் சோமாலியர், மூலைக்கடைக் குஜராத்தியர், பஸ் ஓட்டும் ஜமேக்கர், கீழ்த்தட்டு மலாயர் யாரும் இல்லை. ஏழு பேருக்குப் பொதுவான குசினி எமது கதைகளில் நால்வருக்கு மட்டும் உரியதாகிவிடுகிறது. லண்டன் வெறும் காலநிலையாகச் சுருங்கிப்போகிறது.

விதிவிலக்குகள் உண்டு. 1970இல் லண்டனுக்கு வந்த ராஜேஸ்வரி பாலசுப்பிரமணியத்தின் கதைகளில் ஆங்கிலேயரும் பிற இனத்தவரும் சதையும் இரத்தமுமான பாத்திரங்களாக வருகிறார்கள். 'ஒரு கோடை விடுமுறை' என்ற அவரது நாவலின் தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டாலும், ஊருக்குத் திரும்புதல் என்பது ஒரு விடுமுறையாகச் சுருங்கப்போவதை எமக்கு முன்பே அவர் கண்டிருக்கிறார் எனலாம். அவருடைய வெளிப்படையான எழுத்துக்கு எம்மவர் தந்த வரவேற்பு எல்லாக் காலத்திலும் பெருந்தன்மையாக இருந்ததில்லை.

மற்றவர் அம்பலவாணர் சிவானந்தன். 1958இன் இனக்கலவரத்தைக் கண்டு வெறுத்து லண்டன் வந்த அவரை நொட்டிங் ஹில் இனக்கலவரம் எதிர்கொண்டது. அவர் சூட்கேசை மூடி வைத்துக்கொண்டிருக்கவில்லை. இன உறவுகளுக்கான நிறுவனத்தில் நூலகராக நுழைந்து, 1972இல் அதன் போக்கையே மாற்றிய பணியாளர் கிளர்ச்சியில் முன்னின்று, பின்னர் அதை இயக்கியவர். ஆசியரும் ஆபிரிக்கரும் கரிபியரும் ஒரே அணியில் நிற்கவேண்டும் என்பதற்காக வாழ்நாள் முழுதும் எழுதினார். தனது முதல் நாவலை 1997இல், எழுபது வயது தாண்டியபின் வெளியிட்டார். அது இலங்கையின் மூன்று தலைமுறைக் கதை. 2018இல் லண்டனில் காலமானார். ஊரை நினைப்பதற்கும் இருக்கும் இடத்துக்குப் பொறுப்பேற்பதற்கும் இடையில் ஒன்றைத் தெரிவு செய்யவேண்டும் என்று எமக்குள் ஒரு பிரமை இருந்தது. அவர் வாழ்ந்த விதம் அதை உடைத்தது. ஆனால் அவர் ஆங்கிலத்தில் எழுதியதால் அவரை எமது புலம்பெயர் இலக்கியத்துக்கு வெளியே வைத்துவிட்டோம்.

7

யூன் மாதத்தில் கடைசி வருடத் தம்பி போனார். போகும்போது தன் சோறு சமைக்கும் மின்பானையை எம்மிடம் தந்தார். 'பெட்டியில் இடமில்லை, அபாங்' என்றார். இடம் இருந்தது என்று நாம் நினைக்கிறோம். நாட்காட்டியையும் கழற்றாமல் விட்டுப் போனார். வட்டம் போட்ட நாள் கழிந்தபின் அதில் எழுத எமக்கு எதுவும் இருக்கவில்லை. பிறகு வேலை நேரங்களைக் குறிக்கத் தொடங்கினோம்.

2009இல் போர் முடிந்தது. 'பிரச்சினை முடியட்டும்' என்று சொல்லி வந்த நாம், இப்படியொரு முடிவை நினைத்து அதைச் சொல்லியிருக்கவில்லை. அந்த வருடம் பாராளுமன்றச் சதுக்கத்தில் வாரக்கணக்காக நின்றவர்களில் பெரும்பகுதி இங்கே பிறந்த, வளர்ந்த பிள்ளைகள். பலர் ஊரைக் கண்டதே இல்லை. பொலிசாரிடம் லண்டன் ஆங்கிலத்தில் வாதாடினார்கள். ஒருவருக்கொருவர் உடைந்த தமிழில் பேசினார்கள். எந்தத் துண்டுப்பிரசுரத்தின் கோட்டிலும் அவர்களுக்கு இடமில்லை. அவர்கள் தற்காலிகமாக இருக்கவில்லை. ஊரை விட்டுக்கொடுக்கவுமில்லை.

இலங்கைக்குள்ளேயே எமக்கு மலாய் அயலவர்கள் இருந்தார்கள் என்பதையும் இவ்வளவு காலம் கழித்தே யோசிக்கிறோம். ஒல்லாந்தர் யாவாவிலிருந்து நாடுகடத்திய அரசகுடும்பத்தினர், அவர்களும் பின்னர் ஆங்கிலேயரும் கொண்டுவந்த படைவீரர்கள் ஆகியோரின் சந்ததியினர். தவணை முடிந்ததும் திரும்புவோம் என்று எத்தனை பேர் எண்ணியிருப்பார்கள்! 1869இல் கொழும்பில் பாபா யூனுஸ் சல்டின் 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகையைத் தொடங்கினார். மலாய் மொழியின் மிக ஆரம்பகாலப் பத்திரிகைகளுள் ஒன்று மலாய் நாட்டுக்கு வெளியே, பெயர்ந்து வந்தவர்களின் பிள்ளைகளால், இப்படியொரு சிறுபத்திரிகையாகவே வந்தது. அவர்கள் பேசும் மலாயின் இலக்கண அமைப்பில் தமிழின் சாயல் இருப்பதை மொழியியலாளர் எடுத்துக் காட்டுகிறார்கள். சாவகச்சேரி என்ற பெயரே சாவகரின் சேரி என்பதிலிருந்து வந்தது என்று பலர் சொல்வதை நாம் சிறுவயதில் கேட்டிருக்கிறோம்; ஒருநாளும் யோசித்ததில்லை.

இந்தப் பக்கங்களில் எழுத வருகிற இளையவர்களிடம் எமக்கொரு வேண்டுகோள் உண்டு. வேப்பமரத்தைப் பற்றி நாம் போதிய அளவு எழுதியாகிவிட்டது. அந்தக் குசினியைப் பற்றி எழுதுங்கள். அங்கே யார் யார் நின்றார்கள், எதைச் சமைத்தார்கள், எந்தக் கேள்விக்கு நாம் பதில் சொல்லாமல் இருந்தோம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த மின்பானை பதினொரு வருடம் வேலை செய்தது.